சீல் வைத்த மோளம்

வேங்கைக்கொல்லை மாதையனின் மோளம் அரசாங்கத்துக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பலா மரத்தில் குடைந்து, இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டி, வீட்டுச் சுவரில் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. காளியம்மன் திருவிழா என்றால் இறங்கும். மலையில் பனி மூடினால் இறங்கும். மற்ற நாளில் மாதையனின் மனைவி அம்மாக்கண்ணு அதன்மேல் துண்டு காயப்போடுவாள். அதன் சுருதி சரியில்லை என்று அதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை. ஆனால் புகார் வந்தால்தான் கவனிப்பது என்று அரசாங்கம் இருந்துவிட்டால் இத்தனை ஜீப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பனி மூடினால் மோளம் எதற்கு என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஜவ்வாது மலையில் பட்டப்பகலில் பனி இறங்கும். ஆலங்காயத்துக்குப் புளியும் கடுக்காயும் சுமந்து போனவர்கள் திரும்பி வரும் ஒற்றையடிப் பாதை பாதியில் காணாமல் போய்விடும். அப்போது ஊரில் மோளம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஊர் மோளத்துக்கும் ஒவ்வொரு குரல். அந்தந்த ஊர்க் கோயில் மணி எந்தக் குரலில் ஓய்கிறதோ அந்தக் குரல். அடிப்பதற்கு முன்னால் சருகைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டி, மணியை ஒரு தட்டுத் தட்டி, இரண்டும் சேருகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

வேங்கைக்கொல்லை மோளம் தாழ்ந்த குரல். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடைமூலை மோளம் எடுப்பான குரல். மலையில் சத்தம் பாறைக்குப் பாறை மோதித் திரும்புவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சொல்லாது. எந்த ஊர்ச் சத்தம் என்று மட்டும் சொல்லும். தன் ஊர்க் குரல் பெருத்துக்கொண்டே வந்தால் மேலே நடக்கலாம், சிறுத்தால் திரும்பிவிட வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பது கடுக்காய்ப் பள்ளம். அதில் விழுந்த மாட்டை இதுவரை யாரும் எடுத்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு ஜீப் புதூர்நாடு வரைக்கும் ஏறி வந்து, அதற்குமேல் ரோடு இல்லாததால் நின்றது. அதிலிருந்து இறங்கி இரண்டு மைல் நடந்து, மூச்சு வாங்க வேங்கைக்கொல்லைக்கு வந்து சேர்ந்தவர் பெயர் பரந்தாமன். மலைவாழ் வாத்தியச் சுருதிச் சீரமைப்பு வாரியத்தின் அலுவலர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இந்த ஆண்டிக்கு ஜீப்பும் டிரைவரும் படியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

கோயில் முன்னால் ஊரைக் கூட்டி வைத்து அவர் ஒரு பிரசங்கம் செய்தார். "நாட்டில் எடைக்கல் ஒன்றாகிவிட்டது. அளவுகோல் ஒன்றாகிவிட்டது. சத்தம் மட்டும் ஊருக்கு ஒன்றாக இருக்கலாமா? இதைச் சரிசெய்ய என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் சங்கீதம் கற்றவனில்லை. அதனால்தான் என்னிடம் பாரபட்சம் கிடையாது."

பிறகு தோல்பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். கையகலப் பெட்டி. கண்ணாடிக்குள் ஒரு முள், கீழே இங்கிலீஷ் எழுத்துகள், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. பேட்டரியில் ஓடுவது. பக்கத்தில் வாத்தியத்தை வாசித்தால் அதன் சுருதி எந்த எழுத்து என்று முள் காட்டுமாம். ஜப்பானில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்காகச் செய்தது என்று அட்டையில் படம் போட்டிருந்தது. மலையில் கிட்டார் கிடையாது என்பதை வாரியம் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இனிமேல் சீல் இல்லாத வாத்தியம் திருவிழாவிலும் பொது இடத்திலும் ஒலிக்கக் கூடாது, எல்லாரும் வெள்ளிக்கிழமை புதூர்நாடு முகாமுக்கு வாத்தியத்தோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாதையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரேஷன் கார்டுக்குப் போகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டான். பாவம், ரேஷன் கார்டு எவ்வளவு நல்ல விஷயம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

முகாமில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாத்தியத்தின் பெயர், பிறந்த தேதி, தாய்மொழி, இதற்கு முன் தண்டனை பெற்றதுண்டா. எழுத்து தெரியாத மாதையனுக்காக ஜீப் டிரைவர் பாஷா எழுதிக் கொடுத்தான். வாணியம்பாடிக்காரன், எதற்கும் வாயைத் திறக்கிற மனுஷன். தாய்மொழி என்ற இடத்தில் ஆடு என்று எழுதினான். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

காலைப் பனியில் மோளத்தின் தோல் நமுத்துக் கிடந்தது. கொஞ்சம் சூடு காட்டிவிட்டு அடிக்கிறேன் என்று மாதையன் கேட்டதற்கு, அரசு முகாமில் தீ மூட்டுவது குற்றம் என்றார் பரந்தாமன். அப்படியே அடித்தான். பொத்துப் பொத்தென்றது. முள் அசையவில்லை. பரந்தாமன் பேரேட்டில், "வாத்தியம் ஆஜராகவில்லை" என்று எழுதினார்.

மத்தியானம் வெயில் ஏறிய பிறகு தோல் தானே இறுகியது. மாதையன் மறுபடி அடித்தான். முள் துள்ளிப் போய் ஜி என்ற எழுத்தில் நின்றது. ஓடைமூலைக்காரர்கள் மோளம் சியில் நின்றது.

பரந்தாமன் விரல் விட்டு எண்ணினார். ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி. நிமிர்ந்து மாதையனை இரக்கத்தோடு பார்த்தார். "ஏழாம் தரம். இதற்குக் கீழே எழுத்தே இல்லை. மனசு விட்டுவிடாதே. உன்னையும் ஏ தரத்துக்கு உயர்த்துவதற்குத்தான் வாரியம் இருக்கிறது."

பாஷா சும்மா இருந்திருக்கலாம். தன் மச்சான் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுவதாகவும், அந்த எழுத்தெல்லாம் சுருதிக்கு வைத்த பேர்தானே ஒழிய மார்க் இல்லை என்றும் மெதுவாகச் சொன்னான். பரந்தாமன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஊதுகிறவர்கள் கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் வாரியம் எதற்கு என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

மோளம் ஏன் இப்படிக் கெட்டுப்போனது என்று விசாரணை நடந்தது. மாதையன் ஒளிக்காமல் சொன்னான், கோயில் மணியைப் பார்த்துத்தான் நாங்கள் தோலை இழுப்போம் என்று. உடனே பரந்தாமன் கருவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வந்து காளியம்மன் கோயில் மணியைச் சோதித்தார். மணியும் ஜியில் நின்றது. மணி குற்றத்துக்கு உடந்தை என்று முடிவாயிற்று.

மணி யாருடையது என்று கேட்டார். அம்மனுடையது என்றார் ஊர்க்கவுண்டர். பத்து நாளில் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. பெறுநர்: காளியம்மன், வேங்கைக்கொல்லை. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. தங்கள் வசமுள்ள மணியைப் பதினைந்து நாளைக்குள் அரம் வைத்து ராவி ஏ சுருதிக்குக் கொண்டுவரத் தவறினால் தங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கண்டிருந்தது. அம்மன் சார்பில் ஊர்க்கவுண்டர் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டார். அம்மன் மணியில் அரம் வைக்கப் பயந்து ஊரார் அதன் நாக்கைத் துணியால் கட்டி வைத்தார்கள்.

புரட்டாசியில் வாரியத்து ஆட்கள் வந்து மலையிலுள்ள மோளங்களையெல்லாம் சீர்திருத்தினார்கள். கயிறுகளை இரும்புக் கம்பி கொடுத்து முறுக்கினார்கள். முள் ஏயில் வந்து நின்று பச்சை விளக்கு எரிந்ததும், இனி இளக்கவோ இறுக்கவோ கூடாதென்று கயிற்று முடிச்சில் ஈயத்தால் சீல் வைத்தார்கள். சூடு காட்டுவதற்கும் தடை. மாதையன் அடித்துப் பார்த்தான். அவன் மோளம் ஓடைமூலை மோளம் மாதிரியே இருந்தது. ஓடைமூலை மோளமும் தன் பழைய குரலில் இல்லை. எல்லா ஊரும் ஒரே ஈயச் சட்டியைத் தட்டுகிற சத்தமாகிவிட்டது. பரந்தாமன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எந்த ஊர் என்றே தெரியவில்லை. இதுதான் ஒருமைப்பாடு" என்றார்.

மாதையன் அதை அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினான். சர்க்காரோடு மல்லுக்கட்டினால் புளிய மரத்துக்குக்கூட வரி போட்டுவிடுவான் என்று ஊர்க்கவுண்டர் பயமுறுத்தி வைத்திருந்தார்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் காலையில் அம்மாக்கண்ணு ஆலங்காயத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. மாதையன் சீல் வைத்த மோளத்தை எடுத்துத் தட்டினான். ஓடைமூலையிலும் தட்டினார்கள், அவர்கள் ஆளும் யாரோ வெளியில் இருந்திருக்கிறான். அம்மாக்கண்ணு நின்று காது கொடுத்தாள். இரண்டும் ஒன்று. எது தன் ஊர் என்று தெரியவில்லை. பெருத்து வந்த சத்தத்தைப் பார்த்து நடந்தாள். அது ஓடைமூலைச் சத்தம்.

வெயில் வந்து பனி கலைந்தபோது அவள் கடுக்காய்ப் பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு சூரைப் புதரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கையெல்லாம் முள். வலது கால் முறிந்திருந்தது. உச்சிப்பொழுது வரைக்கும் அப்படியே கிடந்திருக்கிறாள். மாதையன் கயிறு கட்டி இறங்கி அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். வருகிற வழியெல்லாம் அழுதான். தான் அடித்த மோளமே பெண்டாட்டிக்குத் தன் ஊர் மோளமாகக் கேட்கவில்லை என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

காலுக்குக் கட்டுப் போட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டு, மாதையன் கொடுவாளை எடுத்தான். சீலை அறுத்தான். கயிற்றைப் பழையபடி இளக்கினான். கோயிலுக்குப் போய் மணி நாக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். ஊர்க்கவுண்டர் ஓடி வந்து வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார்.

"வுடுங்க கவுண்டரே. அவ கால ஒடச்சிக்கினு கெடக்கறா, அந்த ஈயத்துக்கு இன்னா பயம்?" என்றான் மாதையன். சருகைக் கொளுத்திச் சூடு காட்டி, மணியைத் தட்டி, ஊரறிய மலையறிய அடித்தான். படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்ட பிறகுதான் அம்மாக்கண்ணு கஞ்சி குடித்தாள்.

அந்த மாதிரி சத்தம் புதூர்நாடு வரைக்கும் கேட்கும். கேட்டவர்களில் ஒருத்தர் வாரியத்துக்கு எழுதிப்போட்டுவிட்டார். புகார் என்று ஒன்று கடைசியில் வந்தேவிட்டது. கார்த்திகை இரண்டாம் வாரம் பரந்தாமன் பறிமுதல் உத்தரவோடு வந்து மாதையன் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு பாஷா.

சீல் உடைத்தது பிரிவு ஏழின்படி குற்றம், தீயிட்டுச் சூடு காட்டியது பிரிவு ஒன்பதின்படி வாத்தியத்தை வதைத்தல் என்று படித்துக் காட்டினார். மாதையன் உள்ளே போய் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அறுத்த ஈயச் சீல்களை ஒன்று விடாமல் எடுத்து வைத்திருந்தான்.

"சீலு உங்குளுது சார், எட்த்துக்குங்க. மோளம் எங்க ஊருது. குடுக்க மாட்டேன்."

அம்மாக்கண்ணு கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். கட்டுப் போட்ட காலைப் பரந்தாமனுக்கு முன்னால் நீட்டினாள். "இத்தயும் அந்தப் பொட்டில வச்சிப் பாருங்க சார். இன்னா எய்த்து காட்டுதுன்னு சொல்லுங்க."

பரந்தாமன் காலைப் பார்த்தார். "கால் வாரியத்தின் வரம்புக்குள் வராது. சுகாதாரத் துறைக்கு எழுதலாம்" என்றார். மோளத்தைக் கொடுக்காவிட்டால் போலீசோடு வந்து கோயில் மணியையும் சேர்த்துக் கழற்ற வேண்டியிருக்கும் என்றார். மணி என்றதும் ஊர்க்கவுண்டர் மாதையனின் காலில் விழப்போனார். வேறு வழியில்லாமல் மாதையன் நகர்ந்து நின்றான். ஆனால் மோளத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை.

பறிமுதல் செய்த பொருளை அலுவலரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று விதி. ஆகவே பரந்தாமனே சுவரிலிருந்து இறக்கி வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முழங்கால் இடிக்க இடிக்க நடந்தார். பனி வருது சார், ஒரு நாழி இருந்துட்டுப் போங்க என்று மாதையன் சொன்னான். எதிரியாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது மலை வழக்கம்.

"பனி எங்கள் பயணத் திட்டத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பரந்தாமன் இறங்கிப் போனார்.

அரை நாழிகைக்குள் எதிர்வீடு தெரியவில்லை. ஓடைமூலையில் ஈயச் சட்டிச் சத்தம் ஆரம்பித்தது. அதற்கும் அப்பால் இன்னொரு ஊரில் அதே ஈயச் சட்டி. வேங்கைக்கொல்லை மட்டும் ஊமையாக இருந்தது. கோயில் மணியைத் தட்டினால் அந்தச் சத்தம் கொல்லை வேலியைத் தாண்டாது. மாதையன் வாசலில் குந்தியிருந்தான். நல்லா சுத்தட்டும் என்று வாய்விட்டே சொன்னான்.

அம்மாக்கண்ணு கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். "ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல நானும் இப்டித்தான் நின்னேன். பள்ளத்துக்குத்தான் போவாங்க. அந்த சாயபு இன்னா பாவம் பண்ணான்? எந்திரிச்சிப் போய்யா" என்றாள்.

மாதையன் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பாதைத் தலைப்பில் நின்றான். அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பொத்து. பொத்து. பனியில் நமுத்த தோல். அடிக்கிற கைக்குத் தாளமும் தெரியவில்லை, அடிக்கிற இடமும் தெரியவில்லை. ஆனாலும் தான் பெற்ற பிள்ளையின் இருமலைத் தெரியாதவன் உண்டா? அது அவன் மோளம்.

மெல்ல இறங்கினான். பொத்துச் சத்தம் பெருத்தது. பள்ளத்து விளிம்புக்குப் பக்கம் வந்தபோது ஈரச் சருகு புகைகிற வாடை அடித்தது. பனிக்குள் ஒரு சிவந்த வெளிச்சமும் தெரிந்தது. இன்னும் பத்தடி கிட்டே போனதும் பேச்சு கேட்டது. மாதையன் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டான்.

கெஞ்சிக்கொண்டிருந்தது பாஷாதான். "இது சில்லுனு கீது சார், ஊரு வரிக்கும் கேக்காது. சூடு காட்டணும். சருகெல்லாம் ஈரம். அல்லா மேல ஆணையா சொல்றேன், கட்டுல இருக்கிறதத்தான் கொளுத்தணும்."

காகிதக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பரந்தாமனின் குரல் வந்தது. மூன்றாம் பிரதி மட்டும் போடு என்றது. தீ எழுந்து அடங்கியது. மோளம் ஒரு தடவை டொக் என்றது. இரண்டாம் பிரதியும் போடலாம், அலுவலகத்தில் நகல் இருக்கிறது என்றது குரல். தீ எழுந்தது. மோளம் கொஞ்சம் வாயைத் திறந்தது. அசல் என்ன ஆவது என்று பாஷா கேட்டான். உயிரோடு போனால் இன்னொன்று அச்சடிப்பார்கள் என்றது குரல். வாரியத்தின் சார்பில் பரந்தாமன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அதுதான்.

மாதையன் எட்டிப் பார்த்தான். பரந்தாமன் பாறைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மோளத்தை மடியில் சாய்த்து, படிவங்கள் எரிகிற தீயில் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜப்பான் பெட்டி இருந்தது. ஒரு தட்டுத் தட்டுவதும் முள்ளைக் குனிந்து பார்ப்பதுமாக இருந்தார். பெட்டியின் கண்ணாடியைப் பேண்ட்டில் துடைத்தார்.

"எஃப்பில் நிற்கிறது பாஷா. ஜி வர வேண்டும். ஜி வந்தால்தான் அவர்களுக்குத் தெரியும்" என்றார்.

மாதையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாக்கண்ணு பிடித்துத் தொங்கிய சூரைப் புதர் அவருக்கு நேர் பின்னால், நாலு முழத்தில் இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மோளம் மறுபடி ஒலித்தது. ஜி வந்துவிட்டது, ஜி வந்துவிட்டது என்று பரந்தாமன் கத்தினார். பச்சை விளக்கு எரிந்திருக்க வேண்டும்.

"பொட்டி சொல்லியிருக்கும் சார்," என்று மாதையன் பனிக்குள்ளிருந்து சொன்னான். "எங்க ஊரு இன்னும் வரல. இன்னும் ஒரு காகிதம் போடுங்க."

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பரந்தாமன் படிவக் கட்டைப் பார்த்தார், அது காலி. சட்டைப் பையைத் துழாவினார். பறிமுதல் உத்தரவு ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் பிரித்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். பழக்கம் விடுமா? பிறகு மறுபடி மடித்து, தன் கையாலேயே தீயில் வைத்து, மோளத்தை அதற்குமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

அது எரிந்து முடிகிற வரைக்கும் மாதையன் பொறுத்திருந்தான்.

"இப்ப அடிங்க சார்" என்றான்.